நானூறு பிராங்க்

பீல் நகரில் ஷூஸ் கால்வாய் ஓரம்
இரண்டு மொழியில் பெயரெழுதிய கடை.
சனிக்கிழமை. நான்கு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.
நாற்பத்தாறு வயதில்
சொந்தமாய் ஒரு டிரம் வாங்க வந்திருக்கிறேன்.
முழு செட் அல்ல,
ஒன்றே ஒன்று, ஸ்னேர்.

வார நாட்களில்
கைக்கடிகாரங்களுக்கு முள் பொருத்துபவன் நான்.
நாளுக்கு ஐந்து நொடி பிந்துவதைத்
திருப்பி அனுப்பிவிடுவேன்.
வியாழன் இரவுகளில்
பள்ளிக்கூடத்துக்கு அடியிலுள்ள பங்கரில் வாசிக்கிறேன்.
அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறு பொருள் இருந்தது.
இங்கே உள்ளே பியர்ப் பெட்டி, கிழிந்த சோபா,
என்னோடு சேர்த்து நான்கு பேர்.
ஒவ்வொரு பாட்டையும்
மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிடுகிறேன்.
"ரயில் ஏதும் பிடிக்க வேண்டுமா?"
என்பார் பாஸ் வாசிக்கும் மார்செல்.

கடைக்காரி ரெகுலா மூன்றை எடுத்து வைத்தாள்.
மூன்றும் மேப்பிள்.
"பித்தளை பார்க்கவில்லையா?"
வேண்டாம்.
பங்கரின் சுவரே எங்களுக்குப் போதிய பித்தளை.

முதலாவது
ஆறரை அங்குல ஆழம், எட்டு அடுக்கு மரம்.
அடித்தால்
மாடிப்படியில் யாரோ அரிசி மூட்டையை நழுவவிட்ட சத்தம்.
நல்ல கனம்.
மெல்லத் தொட்டாலோ வாயே திறக்கவில்லை.

இரண்டாவது புத்தம் புதிது.
பளபளப்பில் என் மூக்குத் தெரிகிறது.
கேள்வி முடியுமுன் கையுயர்த்தும்
வகுப்பின் முதல் பிள்ளை.
பத்து நிமிடத்தில் களைத்துப்போனேன்.

மூன்றாவது பழசு.
வளையத்தில் ஒரு நெளிவு.
தேன் நிறம், ஒரு பக்கம் மட்டும் வெளுப்பு.
எவரோ வருடக்கணக்காய் ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள்.
அறுநூற்று நாற்பது பிராங்க்.
"பழசுக்கா?"
"பழசுக்குத்தான்.
மரம் நன்றாகக் காய்ந்திருக்கிறது,"
என்று விரல் முட்டியால் தட்டிக் காட்டினாள்,
வத்தகப்பழம் வாங்குபவள் மாதிரி.
சாவியால் கால் சுற்று இறுக்கினாள்,
காது வைத்தாள்,
அதில் பாதியைத் தளர்த்தினாள்.

"அடிப்பவருக்கு ஒன்று கேட்கும்,
இருப்பவர்களுக்கு இன்னொன்று.
தள்ளிப் போய்க் கேளுங்கள்."
கிதார்களுக்கு அப்பால், கதவோரம் நின்று கேட்டேன்.
அவள் மூன்றையும் வாசித்தாள்.
உண்மையைச் சொன்னால்
மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.
தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

திரும்பி வந்து குனிந்தபோது போன்.
நளாயினி.
"எங்க நிக்கிறியள்?"
"கடையில."
"எவ்வளவாம்?"
"நானூறு."

சர்ர்ர்.

மூன்றாவதின் அடிவயிற்றில்
இருபது கம்பிகளும் ஒன்றாய் நடுங்கின.
யாரும் தொடவில்லை.
மற்ற இரண்டும் பேசாமல் கிடந்தன.
"அதென்ன சத்தம்?"
"ஒண்டுமில்லை."
சர்ர்ர்.

ரெகுலா சிரித்தாள், தமிழ் தெரியாதவள்.
உங்கள் குரலும் இதன் சுருதியும் ஒன்று,
கம்பியைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும் என்று
நெம்புகோலுக்குக் கை நீட்டினாள்.

இருக்கட்டும், என்றேன்.

ஊரில் "பறையாதே" என்றால்
கதைக்காதே என்று பொருள்.
ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்.
அந்தச் சொல்லுக்கு மேலே
ஒரு தோல் இழுத்துக் கட்டியிருப்பதை
அன்றுவரை தட்டிப் பார்த்ததில்லை.

அறுநூற்று நாற்பது கொடுத்தேன்.
ஒரு ஜோடி குச்சி இலவசம்.
பை தொண்ணூறு பிராங்க், அது வேண்டாம்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
எஞ்சின் உறுமும்போதெல்லாம் அதுவும் உறுமிற்று.
எதிர் இருக்கையின் கீழ்
ஒரு நாய் காதைத் தூக்கிப் பார்த்தது.
நெம்புகோல் என் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

சிவப்பு விளக்கில் எஞ்சின் அணைந்தது.
தரிப்பிடத்தில் குடையோடு நளாயினி நிற்பது
இங்கிருந்தே தெரிகிறது.
குனிந்து, தோலுக்கு மட்டும் கேட்க,
"நானூறு" என்றேன்.
சர்ர்.

"அறுநூற்று நாற்பது."

அதற்கும் சர்ர்.